ஸ்விட்சாக இருந்த பால் மூடி

என் வீட்டுக்காரரை எல்லோரும் ஒயர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று வயரால் இணைத்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. ஆள் ஒல்லி, வாய் மட்டும் நீளம். படம் போட வராது. அதனால் எந்த ஆபீஸும் முதலில் எங்கள் வீட்டுத் தரையில்தான் முளைக்கும். தீப்பெட்டிகள் மேசை. என் தையல் நூல் வயர். மூலையில் சர்க்கரை டப்பா சர்வர், அதுதான் எல்லோர் வேலையையும் சேர்த்து வைக்கிற பெரிய கம்ப்யூட்டர். பக்கத்திலேயே என் பால் மூடி ஸ்விட்ச். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, எல்லா வயரும் வந்து சொருகுகிற பெட்டி.

"வழி விடுங்க, அடுப்புக்குப் போகணும்."

"மேனேஜர் மேல நிக்கிற. இறங்குடி."

அப்படி ஒரு லாரி ஆபீஸ் வந்தது. திங்கட்கிழமை எல்லாம் ஓடினால் மாதச் சம்பளத்துக்கே வைத்துக்கொள்கிறேன் என்றார் முதலாளி. அதுவரை கூப்பிட்டால்தான் வேலை, இல்லாவிட்டால் வீட்டில் என்னோடு சண்டை. மனுஷன் குதித்தார். நூலை அளந்தார், அந்தக் கணக்குக்கு வயரை வெட்டினார், சனிக்கிழமை போனார். செத்த முகத்தோடு திரும்பினார்.

"ஒண்ணும் எட்டலடி. தரையில நூல் நேராப் போச்சு. அங்க சுவர் ஏறி இறங்கணும்."

"ஆபீஸ்னா சுவர் இருக்கும்னு தெரியாதா? ஆகாசத்துலயா கட்டியிருக்கான்?"

சுருளில் மிச்சம் ஒரே ஒரு நீள வயர். புதுச் சுருள் கிடையாது என்று முதலாளி கையை விரித்துவிட்டார்.

ஞாயிறு காலை சாப்பிடாமல் தீப்பெட்டிகளையே முறைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பால் பொங்கியது. அடுப்பை அணைத்துவிட்டு நான் ஓடிவந்து, பாலை மூட ஸ்விட்சைப் பிடுங்கிக்கொண்டு போனேன். வேலை முடிந்ததும் கழுவித் திரும்ப வைத்தேன். மூலைவரை யார் குனிவது? நட்டநடுவில் போட்டுவிட்டு வந்தேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை, இடுப்பு வலி.

"ஏய்! இத யாரு இங்க வச்சா?"

"உங்க மாமியார் வந்து வச்சாங்க."

திட்டப்போகிறார் என்று பார்த்தால், நூலை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறார். எல்லா நூலும் நடுவுக்கு எட்டி, சுவர் ஏறி இறங்கவும் மிச்சம் இருந்தது. அந்த நீள வயரை நடுவிலிருந்து மூலை சர்வருக்கு ஓட்டிவிட்டால் தீர்ந்தது. சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார். சாப்பாடு ஆறிப்போனது.

அந்த ஆபீஸில் நட்டநடு என்றால் முதலாளி நாற்காலிக்குப் பின் சுவர். திங்கட்கிழமை எல்லாம் ஓடியது. முதலாளி மட்டும் ஸ்விட்சில் மினுக்குகிற குட்டி விளக்குகளை அண்ணாந்து பார்த்தாராம்.

"என்னய்யா இது, என் தலைக்கு மேல மின்மினி?"

"எல்லா வயரும் உங்ககிட்ட வந்துதானே சார் சேரணும்."

அந்த வாய்க்கே மாதச் சம்பளம் கொடுக்கலாம். கொடுத்தார்கள். கண் மூடும்வரை அங்கேதான் இருந்தார்.

இப்போது கம்ப்யூட்டர் இணைப்பெல்லாம் வயரே இல்லாமல் காற்றில் வருகிறதாம். வரட்டும். மூடி இருக்கிறது. தரை காலியாக இருக்கிறது, யாரையும் மிதிக்காமல் அடுப்புக்குப் போகிறேன். ஒரு ஆளுக்கு ஊற்றுகிற பால் பொங்கி மேலேகூட வருவதில்லை.