தராசு நிற்கும்வரை ஒரு மூச்சு

ஈரோட்டிலிருந்து ஹைதராபாத்துக்கு நாங்கள் குடிவந்தபோது மகளுக்கு மூன்று வயது. கணவருக்கு மாதாப்பூர் பக்கம் மென்பொருள் வேலை. எனக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில். அவருடைய அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்காமல், என் வசதிக்காக அல்வாலில் பார்த்தார். தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை.

தியானம் டாக்டர் சொல்லி ஆரம்பித்தது. முப்பத்து நான்கு வயதில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. செகந்திராபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது, போய்க் கற்றுக்கொண்டேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். மனசு ஓடினால் கோபப்படாமல் திரும்பக் கூட்டிவர வேண்டும். தினம் இருபது நிமிடம். இரண்டு வருடம் ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்தேன். காலண்டரில் சிவப்புப் பேனாவால் டிக் போட்டேன். விருந்தாளி வந்தால் அந்தக் காலண்டர் கண்ணில் படும்படி மாட்டியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே நடந்தது வேறு. இட்லிக்குச் சட்னியா சாம்பாரா, ஸ்கூல் வேன் வந்துவிட்டதா, நேற்று மேனேஜர் சொன்னதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும். இருபது நிமிடமும் இதுதான் ஓடும். எழுந்த மறு நிமிடம் சமையலறையில் என் குரல் உயரும்.

மகளுக்கு எட்டு வயதானபோது ஒரு நாள் காலை, ஷூவுக்கு பாலிஷ் போடவில்லை என்று அவளைப் பார்த்துக் கத்திவிட்டேன். தமிழில் கேட்டுத் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை அவள். ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, அழாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"ரோஜூ கூர்ச்சுண்டாவு கதா மம்மி? மரி எந்துக்கு அருஸ்தாவு?"

தினமும் உட்கார்கிறாயே அம்மா, அப்புறம் ஏன் கத்துகிறாய்? "வேன் வந்துருச்சு, கெளம்பு சாமி" என்று அனுப்பி வைத்தேன்.

அன்று பகல் முழுக்க அந்தக் கேள்வி என் கூடவே இருந்தது. தராசில் மாத்திரைத் தூளை நிறுத்துக்கொண்டிருந்தபோதும் இருந்தது. மாலையில் கணக்குப் போட்டால், அந்த பேட்ச் மருந்து தரத்தில் தேறவில்லை என்று வந்தது. ஆய்வுக்கூடமே பரபரப்பானது. மூன்று பேர் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகத் திரும்பப் பார்த்தார்கள். கடைசியில் தராசு அச்சடித்துத் தந்த சீட்டையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்தபோது தெரிந்தது. சீட்டில் 103.6 மில்லிகிராம். நான் எழுதியிருந்தது 106.3.

"தப்பு என்னோடது" என்றேன். மேனேஜர் திட்டவில்லை. நடந்ததை அப்படியே எழுதித் தரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் எப்போதும் ஒரு தோழி உட்காருவாள். நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை, என் வயதுதான். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்திலேயே இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். அவள் தமிழில் ஊர் உருதுவும் கலந்து வரும்: 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம். அன்று நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினேன். மகள் கேட்டதையும் சொன்னேன். அதற்கு அவள் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"உம்பொண்ணு கரெக்டாத்தான் கேட்டுருக்கா. காலைல உக்கார்றே, நல்லதுதான். கைக்கு அத வீட்லயே வச்சுட்டு வர்றே?"

"பின்ன, ஆபீசுல போயி கண்ண மூடி உக்காரச் சொல்றியா?"

"நக்கோ மா! எங்க செக்ஷன்ல உள்ள போறதுக்கு முன்னாடி முழங்கை வரைக்கும் கை கழுவணும்ல? தினம் ஆறு வாட்டி. ஒவ்வொரு வாட்டியும் ஒரு 'அருள்நிறை மரியே' சொல்லிட்டுத்தான் கழுவுவேன். இல்லாட்டி கழுவுனேனா இல்லயான்னே எனக்கு ஞாபகம் இருக்காது."

அவள் அதோடு விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப்போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தராசிலிருந்தே ஆரம்பித்தேன். எங்கள் தராசுக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. மூச்சுக் காற்று பட்டால்கூட எண் ஆடும். பொருளை வைத்துக் கதவை மூடிக் கையை எடுத்தால், கடைசி இலக்கம் அங்கும் இங்கும் அலைந்து சில நொடிகளில் நிற்கும். அந்தச் சில நொடிகளில் நான் எப்போதும் அடுத்த வேலைக்குத் தாவிவிடுவேன். இனி அப்போது ஒரு மூச்சு, எண் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பது, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன்.

முதல் வாரம் சுத்தமாக மறந்தேன். மார்க்கர் பேனாவால் இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டேன். அப்புறம் ஞாபகம் வரத் தொடங்கியது. தராசுக்குப் பிறகு டீ. முதல் வாயை மட்டும் டீயாகவே குடிப்பது. அதற்கப்புறம் அல்வால் ரயில்வே கேட். பஸ் அங்கே நின்றால் போனை எடுக்காமல் ரயில் கடக்கும்வரை சும்மா இருப்பது. சில நாள் குறுக்கே புகுந்த ஆட்டோக்காரரை மனசுக்குள் வைதே பொழுது போய்விடும்.

ஒரு நாள் தாளிக்கும்போது மூச்சைக் கவனிக்கிறேன் என்று நின்று, கடுகைக் கரியாக்கினேன். வீடெல்லாம் புகை. கணவர் ஜன்னலைத் திறந்துகொண்டே, "தியானம் பண்ணுனா கடுகு கருகுமா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒன்று புரியவும் செய்தது. கடுகு வெடிக்கும்போது கடுகைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதத்தில் காலைத் தியானத்தில் ஏதோ மாறியிருந்தது. எண்ணங்கள் குறையவில்லை. ஆனால் சட்னி ஞாபகம் வந்தால், சட்னி ஞாபகம் வருகிறது என்று சீக்கிரமே தெரிந்தது. திரும்பி வருவதற்கு முன்போல மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. பகலில் இருபது தடவை திரும்பி வந்து மனசுக்கு வழி பழகிவிட்டது போலிருக்கிறது. காலண்டரில் டிக் போட எப்போது மறந்தேன் என்பதே தெரியவில்லை.

அந்த வருட மழைக்காலத்தில் ஒரு நாள் மதியம் திடீரென்று பந்த் என்றார்கள். பஸ்கள் நின்றுவிட்டன. பள்ளியில் சீக்கிரமே பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்தார். மகளிடம் ஒரு சாவி இருந்தது. ஆனால் அதுவரை அவள் தனியாக இருந்ததில்லை. நானும் தோழியும் தொழிற்சாலையிலிருந்து நடக்கத் தொடங்கினோம். அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் பாதம் தரையில் படுவதைக் கவனித்துக்கொண்டு நடந்தேன். பயம் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. எங்கள் தெருமுனையில், "பயப்பட நக்கோ, போ" என்று என் தோளைத் தட்டிவிட்டு அவள் தன் வழியே போனாள்.

கதவைத் திறந்தால் சமையலறைத் தரை முழுக்க தோசைமாவு. எனக்கு தோசை சுட்டு வைக்கலாம் என்று மகள் பாத்திரத்தை எடுத்திருக்கிறாள், கை வழுக்கிவிட்டது. சுவரோரமாக, முழங்கால் வரை மாவோடு நின்றாள். ஒரு வாரத்து மாவு.

கத்தல் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது. அது வருவதை நான் பார்த்தேன். பார்த்த அந்த நொடியிலேயே அவள் முகமும் தெரிந்தது. அதுவரை மாவு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"அடி கிடி பட்டுச்சா சாமி?"

"லேது" என்று, இல்லை என்பதாகத் தலையசைத்தாள்.

"செரி, அந்தப் பழைய துண்டை எடுத்தா."

இருவரும் குனிந்து துடைத்தோம். துடைக்கத் துடைக்க மாவு பரவியது. அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் நான். கணவர் நடந்தும் லாரியில் தொற்றியும் வீடு வந்து சேர்ந்தபோது ரவை உப்புமா தயாராக இருந்தது.

அதற்குப் பிறகு நான் கத்தவே இல்லை என்று சொன்னால் என் மகளே நம்பமாட்டாள். அடுத்த வாரமே கத்தினேன். பாதியில் நிறுத்தவும் செய்தேன்.

பந்த் மறுநாளும் நீடித்தது. காலையில் தோழி போன் செய்தாள்.

"காலு வீங்கிருச்சு மா. உனக்கு?"

"எனக்குந்தான். ஆனா நேத்து நாம நடந்து வந்தது நல்லா இருந்துச்சு. ஞாயித்துக்கெழம நடக்கலாமா?"

"ஹவ். பூசை முடிச்சுட்டு வர்றேன். ரெடியா இரு."