கட்டி தட்டும் டாக்டரம்மா

டொக். அடுத்தது. டொக். அடுத்தது. டப்.

"இது இன்னும் வேகல. ஓரமா தள்ளு."

டாக்டரம்மா ஐஸ்கட்டியைத்தான் வேகவில்லை என்கிறார். ஐஸ் கம்பெனியில் இடுப்பு உயரத்துக்கு வரிசையாக நிற்கும் கட்டிகளை மரக்கோலால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பார். உள்வரைக்கும் உறைந்த கட்டி டொக் என்று பேசும். நடுவில் தண்ணீர் நிற்கிற கட்டி டப் என்று முனகும். நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இருப்பதால் மீன்பிடித் துறைமுகத்து ஆட்கள் வைத்த பெயர்தான் டாக்டரம்மா. படித்தது மூன்றாம் வகுப்பு.

படகு வந்து கட்டுவதுதான் இங்கே. மீன் கொதிக்கிற சட்டியெல்லாம் கடலைக் கண்ணாலேயே பார்க்காத ஊர்களில் இருக்கிறது. வலை தைக்கிறவர், டீசல் ஊற்றுகிறவர், கூடை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், எட்டு ஊர் தள்ளி மீன் விற்கிறவர் என்று எத்தனையோ வீட்டில் இந்தத் துறைமுகத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. அத்தனை பேர் பாடும் கடைசியில் ஐஸ் மேல்தான் படுத்திருக்கிறது.

எந்த வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது டாக்டரம்மாவுக்கு மனப்பாடம். பக்கத்து ஊர் வண்டிக்கு ஐஸைத் தூளாக அரைத்துக் கொடுப்பார். தூரம் கூடக்கூடத் துண்டும் பெரிதாகும். பதினாலு மணி நேரம் ஏறுகிற மலையூர் வண்டியில், பெட்டிகளுக்கு நடுவே உடைக்காத முழுக்கட்டி ஒன்றையும் ஏற்றச் சொல்வார். "பெரியவர் ஒருத்தர் நடுவுல உக்காந்தாத்தான் சின்னதுங்க அடங்கிக் கெடக்கும்" என்பது அவர் கணக்கு.

போன வாரம் ஒருநாள் பாதிப் பொழுது கரண்ட் இல்லை. மறுநாள் காலையில் நாற்பது கட்டியைத் தட்டியதில் பதினொன்றுதான் டொக் என்றது. அன்றைக்கென்று பார்த்துப் படகெல்லாம் வயிறு நிறைய மீனோடு வந்து நின்றன. ஐஸ் கம்பெனி முதலாளி ஊரில் இல்லை. அவருடைய மச்சானுக்குப் பக்கத்துச் சந்தையில் மீன்கடை. நல்ல கட்டி பதினொன்றையும் தன் வண்டியில் ஏற்றச் சொல்லி அவர் வந்து நின்றார். மலையூர் டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகள் விடுதிக்கும் வாரத்துக்கு ஒருமுறை தன் வண்டிதான் மீன் கொண்டுபோகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா பதினொன்றையும் மலையூர் வண்டிக்கே ஏற்றச் சொன்னார். மச்சான் வண்டிக்கு வேகாத கட்டியை அரைத்துக் கொட்டினார்.

"எனக்கே அரவேக்காடா?"

"ஐயா, உங்க வண்டி சந்தைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள என் டீ கூட ஆறாது. உங்களுக்கு இது தாராளம். அந்த வண்டி ராத்திரி முழுக்க மலை ஏறணும்."

"நாளைக்கு இந்தக் கோலு உன் கையில இருக்குதான்னு பாக்குறேன்."

டாக்டரம்மா அடுத்த கட்டியைத் தட்டப் போய்விட்டார். ஆனால் அன்றைக்கு ஊற்றி வைத்த டீ உண்மையிலேயே ஆறிப்போய், ஆடை கட்டிக் கிடந்தது. இருபத்திரண்டு வருஷத்து வேலை அது. அந்தக் கோலை நம்பித்தான் வீடு.

மறுநாள் விடிந்ததும் முதலாளி வந்துவிட்டார். பின்னாலேயே மச்சான். சந்தைக்குப் போன மீன் நன்றாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. கெட்டிருந்தது அவருடைய கௌரவம்தான். முதலாளி நேராக வந்து, கோலைக் கொடு என்று கையை நீட்டினார். சுற்றி நின்ற ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

அப்போது டாக்டரம்மாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. மலையூர் டிரைவர். வண்டியிலிருந்து மீனை இறக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, நான் பேசல. நடுவுல இருக்கற பெரியவர் பேசுறாரு, கேளுங்க."

கேட்டார். கேட்டுவிட்டு, முதலாளி நீட்டியிருந்த கையில் கோலை வைக்காமல் போனை வைத்தார்.

முதலாளி அதைக் காதில் ஒட்டிக்கொண்டார். பதினாலு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம், பெட்டிகளுக்கு நடுவே உருகாமல் மிச்சமிருந்த கட்டியை டிரைவர் ஸ்பேனரால் இன்னொரு தடவை தட்டினார்.

டொக்.

முதலாளி போனைத் திருப்பிக் கொடுத்தார். மச்சானையும் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு, கட்டி வரிசையை மறைக்காமல் இரண்டடி தள்ளி நின்றார்.

டாக்டரம்மா கோலைத் தூக்கி அடுத்த கட்டியைத் தட்டி, காதைச் சாய்த்தார்.