இருபத்தேழு காலடி

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு மேல் அறையில் ஒரு போலந்துப் பெண் குடியிருந்தாள். பகலில் அலுவலகங்களைத் துப்புரவு செய்வாள். தன் நாட்டில் இரண்டு கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டவள். தன் கவிதைகளுக்குத் தானே இசையமைப்பவள். ஒரு பாட்டு மட்டும் நடுவில் நின்று மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேலியோரம் சொல்லியும்விட்டேன்: நேற்று பத்தொன்பது, இன்று இருபத்திரண்டு.

அவள் முகம் சிவந்தது. பாட்டில் ஒரு மகள் ஊருக்குத் தொலைபேசி எடுக்கிறாள். அம்மா சமையலறையிலிருந்து நடந்து வர இருபத்தேழு காலடி. அத்தனை நேரம் மௌனம் வேண்டும், பதற்றத்தில் முந்திவிடுகிறேன் என்றாள். சனிக்கிழமை பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு தேவாலயத்தில் அவள் பாடுவதைக் கேட்க ஒரு பாடகர் குழுவின் தலைவர் வருகிறாராம். மற்றக் குழுக்கள் பதிலே எழுதவில்லை. இவர் எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பாட்டைப் பாட வேறு குழு இல்லை. பக்கத்தில் இருந்து எண்ணித் தலையசைப்பீர்களா என்று கேட்டாள்.

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள். "இருமினாலும் எத்தினை தரமெண்டு எண்ணுற மனுசன். வாயை மட்டும் அசைக்காதேங்கோ, சனம் பார்க்கும்."

அதனால் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினேன். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. இரண்டு சுற்று, பிறகு மூன்று கணு. ஒத்திகையில் பதினொரு தடவையும் பிசகவில்லை.

சனிக்கிழமை நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். குழுத் தலைவர் மூன்றாம் வரிசையில் இசைத்தாளை மடியில் விரித்திருந்தார். பாட்டு நின்றது. எண்ணிக்கொண்டிருக்கையில் யாரோ கதவைத் திறந்தார்கள், திரும்பிப் பார்த்துவிட்டேன். கட்டைவிரல் கடைசிக் கணுவில் நின்றது. முதல் சுற்றா, இரண்டாவதா? குறைந்தால் பாட்டே கெட்டுவிடும் என்று பயந்து இன்னொரு சுற்றுப் போனேன். அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்துவிட்டதென்று பின்னால் இருவர் கைதட்டி, பாதியில் நிறுத்தினார்கள். இன்னும் மூன்று. தலையசைத்தேன். அவள் பாடினாள்.

முடிந்ததும் குழுத் தலைவர் வந்தார். தாளில் இருபத்தேழு என்றிருக்கிறது, நீங்கள் மிகவும் நீட்டினீர்கள், எது சரி என்றார். பிழை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"முப்பத்தொன்பது. கடைசி வருஷம் அம்மாவுக்கு முழங்கால் வலி."

அவர் பென்சிலால் இருபத்தேழை அடித்துவிட்டு முப்பத்தொன்பது என்று எழுதினார். ஈஸ்டருக்குப் பாடுகிறோம் என்றார்.

பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே முழங்கால் வலித்ததா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.