புளி போட்டுத் தேய்த்த கோடரி

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை அரிவாள்மனை, கத்தி, வீட்டுக்காரரின் ஸ்பானர் எல்லாவற்றையும் கழுவிய கையோடு, சுவரில் இருந்த அண்ணனின் கோடரியையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணனுக்குக் கப்பலில் இன்ஜினியர் வேலை. தனியாள். துறைமுகம் துறைமுகமாகச் சேர்த்த பொருளெல்லாம் இந்தத் தீவில், டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் இருக்கும். அதில் அவர் உயிராக நினைப்பது இந்தக் கோடரி. போலந்து நாட்டு மலைகளில் ஆடு மேய்க்கிறவர்கள் ஊன்றி நடப்பதாம். தடி முழுக்கப் பூ செதுக்கியிருக்கும். கைப்பிடியாக ஒரு சின்னப் பித்தளைக் கோடரி, அதில் கிணுகிணுக்கிற மூன்று வளையங்கள். யாரோ ஓர் இடையனின் உள்ளங்கை வேர்வையில் பித்தளை கறுத்துப் போயிருந்தது.

"அந்தக் கறுப்புதான் பாப்பா அதோட வயசு. தொடச்சிடாதே" என்று அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இப்போது அது புதுக் குத்துவிளக்காகப் பளபளத்தது. முன்பு அவருடைய உடைந்த திசைகாட்டியைக் பழைய சாமான் வாங்குகிற கபாடிக்காரனுக்குப் போட்டதற்கே இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான்.

அன்று மத்தியானமே ஃபோன். கப்பல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மெயின்லேண்ட் வந்தாராம், மறுநாள் ஃப்ளைட்டில் இங்கே வருகிறாராம். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசிப் பார்த்தேன். என் விரல்தான் கறுத்தது.

"உங்கண்ணன் பாத்தாருன்னா நீ கதம்" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அடிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் அண்ணன் வந்ததும் நேராகச் சுவரிடம் போனார். தடவித் தடவிக் கோடரியை எடுத்தார். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் வெயில் பித்தளையில் பட்டு அவர் சட்டையில் ஆடியது. கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் வருடினார்.

"கறுப்பு அப்படியே இருக்கு, பாரு. ஏக்தம் பத்திரமா வெச்சிருக்கே பாப்பா."

நான் "ம்" என்றேன்.

அவர் கோடரியை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒவ்வொரு படியையும் தடியால் தட்டிப் பார்த்த பிறகே காலை வைத்தார். வளையங்கள் கிணுகிணுத்தன. ஏன் பாதியில் வந்தீர்கள் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.