திருவிழாக் காலத்து நண்டுக் கறி

கடந்த ஆண்டு ஆவணி மாதம், நாங்கள் குருநகரை விட்டுக் கொக்குவிலுக்குக் குடிவந்து கொஞ்ச நாளில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புத்தான் வரும்.

குருநகரில் எங்கள் வீடு ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள் வந்தால், ஒன்று யாருடைய வீட்டுக்குள்ளாவது ஏறித்தான் வழிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் இருமினால் அங்கே கொத்தமல்லி அவியும். அங்கே புருசன் பெண்சாதி சண்டை என்றால் நாங்கள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்போம். கேட்க வேண்டுமே! வலை காய்கிற வாடை, பிள்ளைகளின் கூச்சல், குழாயடியில் ஓயாத வாய். மாதாவே, ஒரு மத்தியானமாவது நிம்மதியாகக் கண்ணயர விடமாட்டார்களா என்று நான் திட்டாத நாள் இல்லை. "மச்சாள், புளி இருக்கோ?", "அக்கா, ஒரு அகப்பை குழம்பு இருக்கோ?" என்று வெறுங் கோப்பையோடு யாராவது வாசலில் நிற்பார்கள். கேட்க யாருக்கும் வெட்கமில்லை, கொடுக்கவும் யாரும் யோசிப்பதில்லை.

பிரான்சில் இருக்கிற மகள்தான், நாங்கள் அந்த நெரிசலுக்குள் கிடந்து அவதிப்பட வேண்டாம் என்று கொக்குவிலில் வீடு வாங்கித் தந்தாள். குறை சொல்ல முடியாத வீடு. வீட்டைச் சுற்றிப் பெரிய வளவு, மாமரம், சொந்தக் கிணறு, தலைக்கு மேல் உயர்ந்த மதில், இரும்புக் கேற். இவர், என் வீட்டுக்காரர், விடியமுன்னமே மோட்டார் சைக்கிளில் குருநகர்க் கரைக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போய்விடுவார். பிறகு நானும் மதிலும்தான். ரயில் சத்தம் கேட்டால்கூட, யாரோ வருகிற மாதிரி ஒரு சந்தோசம் வரும். திட்டித் தீர்த்த அந்தக் கூச்சலுக்காக நான் ஏங்கி அழுதேன் என்றால் நம்புவீர்களா?

பக்கத்து வளவில், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சரம்மா ஒருவர் இருந்தார். கேற்றடியில் கண்டால் சிரிப்பார். அவ்வளவுதான். குருநகர் என்றும், கடல் தொழில் என்றும் சொன்னதும் முகம் ஒரு மாதிரிப் போகிறவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். ரீச்சரும் அப்படியோ என்று உள்ளுக்குள் பயம். இந்த ஒரு ஆள் என்னோடு மனம்விட்டுக் கதைத்தால் இங்கே இருக்கலாம், இல்லாவிட்டால் குருநகருக்கே திரும்பிவிடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் இவர் ஒரு பை நண்டோடு வந்தார். "இஞ்சேரப்பா, நண்டு விலை போகேல்லை. நல்ல சதை நண்டு, காய்ச்சு."

முருங்கையிலை போட்டுக் காய்ச்சினேன். மணம் வளவைத் தாண்டிப் போனது. பிறகு கை சும்மா இருக்குமா? பழக்கதோசம். ஒரு கோப்பை நிறைய அள்ளிக்கொண்டு போய் ரீச்சர் வீட்டுக் கேற்றைத் தட்டினேன். நெற்றி நிறையத் திருநீறும் கையில் அர்ச்சனைத் தட்டுமாக வந்தார். நான் மூடியை வேறு திறந்து காட்டினேன்! அவர் சட்டென்று பின்னுக்குப் போனார்.

"ஐயோ, நல்லூர்த் திருவிழா எல்லே! கொடி ஏறினால் நாங்கள் மீன், மச்சம் ஒண்டும் தொடுறேல்லை."

எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறினால் ஊரில் பாதிச் சனம் மரக்கறிதான் சாப்பிடும், மீன் விலை விழும். கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? அந்த நண்டு ஏன் விலை போகவில்லை என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். பேச்சுத்துணைக்கு ஆள் தேடிய ஆசையில் எல்லாம் மறந்துபோனது.

"கோயிலுக்குப் போற மனுசிக்கு நண்டு நீட்டினவள் நீ ஒருத்தியாத்தான் இருப்பாய்" என்று இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருவிழா ஒரு சாட்டுத்தானோ, எங்கள் வீட்டுச் சாப்பாடே அவருக்கு வேண்டாமோ என்று மனம் அரித்தது. அதன் பிறகு கேற்றடிக்குப் போவதையே விட்டுவிட்டேன். "நான் குருநகருக்கே போறன். அங்கை எங்கடை வீடு சும்மா பூட்டித்தானே கிடக்கு" என்று இவரிடம் சொல்லியும்விட்டேன்.

திருவிழா முடிந்த பிறகு ஒரு காலை, யாரோ கேற்றைத் தட்டினார்கள். பார்த்தால் ரீச்சர். கையில் ஒரு கோப்பை. கோயில் பிரசாதமாக்கும் என்று நினைத்தேன். வெறுங் கோப்பை.

"இண்டைக்குத்தான் மச்சச் சட்டியை வெளியிலை எடுத்தனான்" என்றார். "அண்டைக்கு நல்லூரிலை நிண்டு கும்பிடேக்கையும் உங்கடை கறி மணம்தான் மூக்குக்குள்ளை. முருகன் மன்னிக்கட்டும். நண்டு இருக்கோ?"

அந்த 'இருக்கோ'வைக் கேட்டு எத்தனை நாள்! வீட்டில் ஒரு நண்டுக்கால்கூட இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வருமா? "உள்ளுக்கு வாங்கோ ரீச்சர், இப்ப வரும்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே இவருக்குப் போன் போட்டேன். "இஞ்சேருங்கோ, நண்டை வித்துப்போடாதேங்கோ! வீட்டை கொண்டு வாங்கோ!" நண்டு வரும்வரை ரீச்சர் என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து, தன் மருமகளைப் பற்றி ஒரு பாட்டம் கதைத்து முடித்தார்.

நாங்கள் திரும்பிப் போகவில்லை. இப்போதும் இருமல் வந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் கொத்தமல்லி அவிகிறதா என்று என் மூக்கு தேடத்தான் செய்கிறது. ஆனால் ரீச்சரின் அந்த வெறுங் கோப்பை வந்த நாளில் இருந்து, எனக்கென்று ஒரு பக்கத்து வீடு இங்கேயும் இருக்கிறது.