ஏழு நாளும் போட்ட சரி

சுகம் விசாரிக்க வருகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அப்பா கொழும்பில் இதய வால்வு மாற்றிவிட்டுச் சண்டிலிப்பாய்க்கு வந்த அன்றே பிஸ்கட் பெட்டிகளோடு வந்து குந்திவிட்டார்கள். நெஞ்சைக் கிழித்தார்களோ என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. கிழிக்கவில்லை. தொடையிடுக்கில் இரத்தக் குழாயைத் துளைத்து, அந்த வழியால் வால்வைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதைச் சொல்ல அப்பாவுக்கு வெட்கம். "ஓமோம், நெஞ்சிலைதான்" என்று தொட்டுக் காட்டினார். வந்த ஒவ்வொருவருக்கும் கட்டிலை விட்டு எழும்பி நின்று கும்பிடு வேறு. படுங்கோ படுங்கோ என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

கொழும்பில் நேர்ஸ் என்னிடம் ஒரு தாள் தந்திருந்தார். தினமும் காலையில் துளைத்த இடத்தைப் பார்க்க வேண்டும். வீக்கமோ துடிப்போ இரத்தமோ இல்லையென்றால் தாளில் அன்றைய கட்டத்தில் சரி போட வேண்டும். இருந்தால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"உது பொம்பிளைப்பிள்ளை பாக்கிற இடமே?" என்றார் அப்பா.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்மா செத்துப்போன வீட்டில் வேறு யார் பார்ப்பது? ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அருவருப்புத்தான். கதவடியில் நின்று "எல்லாம் சரியோ?" என்பேன். "ஓம்" என்பார். சரி போட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போவேன்.

எட்டாம் நாள் அறைக்கதவு சாத்தியிருந்தது. எண்ணெய் மணத்தது. தள்ளித் திறந்தேன். சுகம் விசாரிக்க வந்த சித்தப்பா அப்பாவின் இடுப்புச் சாரத்தை ஒதுக்கிவிட்டு, சுடச்சுட உப்பு ஒத்தணம் கொடுத்து, எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்தார்.

"நாலு நாளாய் வீக்கமாம் பிள்ளை. இரத்தக் கண்டல்தான், உருவக் கலைஞ்சிடும்" என்றார், பெரிய பரியாரி வைத்தியர்போல.

தொடை முழுக்கக் கத்தரிக்காய் நிறம். நடுவில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி, துடித்துக்கொண்டிருந்தது. சித்தப்பாவைத் தள்ளிவிட்டு, எண்ணெயில் வழுக்கிய அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். ஆஸ்பத்திரி வரும்வரை எடுக்கவில்லை. வழி முழுக்க அப்பா கண்ணை இறுக மூடியபடியே கிடந்தார்.

குழாயின் துளை மூடாமல் கசிந்து கட்டியாகியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் உருவியிருந்தால் வெடித்திருக்கும் என்றார் ஸ்கேன் பார்த்த டொக்டர். ஊசி போட்டு அடைத்தார்கள். காலும் தப்பியது, ஆளும் தப்பினார்.

பிறகு டொக்டர் தாளைக் கேட்டார். வரிசையாக ஏழு சரி.

"நேற்றுவரைக்கும் ஒண்டும் இருக்கேல்லையோ?"

சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த அப்பாதான் சொன்னார்: "இல்லை டொக்டர். மகள் ஒவ்வொரு நாளும் பாத்தவ."

"நல்ல பிள்ளை வளர்த்திருக்கிறியள், ஐயா" என்றார் டொக்டர்.

நான் தாளைத் திருப்பி வாங்கி நாலாய் மடித்தேன்.