நாற்பது ப்ராசசரும் ஒரு சிவப்பு அரளியும்

அன்று திண்டிவனம் கடையில் இருந்தது சரியாக நாலு பேர். என் வீட்டுக்காரர், கோட்டக்குப்பத்துப் பாய், மல்லாட்டை (நிலக்கடலை) மண்டி ஏகாம்பரம் அண்ணன், அப்புறம் நான். நாலு பேரும் பணம் போட்டு, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கும் கடை வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் கடைசி.

கற்பூர வாசனையும் ஈயம் பற்றவைக்கும் வாசனையும் கலந்து ஒரு மாதிரி மணக்கும் அந்தக் கடை... இப்போதும் வெள்ளிக்கிழமை தீபாராதனை காட்டும்போது, ஏதோ பாதி வாசனை குறைகிறதே என்று தோன்றும்.

பேச்சு இதுதான். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கிற ப்ராசசர், உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். தட்டுப்பாடு வரப்போகிறது, மொத்தமாக நாற்பது எடுத்தால் இந்த விலை என்று சென்னை வியாபாரி ஒருவர் சொல்லியிருந்தார். கடையின் முதல் முழுவதும் அதற்கே சரியாகிவிடும்.

ஏகாம்பரம் அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"புடுங்கற காலத்துல வாங்கி அடுக்கணும், வெதைக்கிற காலத்துல விக்கணும். மல்லாட்டையோ மிசினோ, சரக்கு சரக்குதான். ஜல்தியா வாங்குங்கப்பா!"

"மல்லாட்டை விக்கலன்னா எண்ணெயாவது ஆட்டலாம். இத என்னா பண்றது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கிளியனூர்லயே கம்ப்யூட்டர் கிளாஸ் தொறக்கறாங்க. விக்காம எங்க போவுது?"

பாய்க்குக் கவலை வேறு. பன்னிரண்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். கடையில் பாதிப் பணம் அவருடையது. கடை பிழைத்தால் பெண்டாட்டி பிள்ளைகளோடு இங்கேயே இருக்கலாம். கவிழ்ந்தால் மறுபடியும் விமானம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்று குவைத் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வேறு நெருக்கிக்கொண்டிருந்தான்.

நான் எட்டாவதோடு நின்றவள். பில்லைப் பார்த்துப் பார்த்தே சரக்குகளின் இங்கிலீஷ் பெயர்களைக் கற்றுக்கொண்டேன். வாராவாரம் சென்னை விலையைப் போனில் கேட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. அதைப் பிரித்துக் காட்டினேன்.

"இங்க பாருங்கண்ணே. எட்டு மாசமா எறங்கிக்கினே வருது. ஒரு வாரம் கூட ஏறல. புதுசு வந்தா பழச யாரும் சீந்தறதில்ல."

"அதான் எறங்கி முடிஞ்சிடுச்சேம்மா, இனிமே ஏறும்!"

பேசிப் பேசி டீ மூன்று முறை வந்துபோயிற்று. கடைசியில் நான்தான் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். சிவப்பு அரளி வந்தால் வாங்குவது, வெள்ளை வந்தால் பொறுப்பது. இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, மயிலம் முருகன் படத்துக்கு முன் வைத்தோம். எடுக்கச் சொன்னது பாயை.

"நீங்க சாமிய நம்புறீங்க, நான் உங்கள நம்புறேன்" என்று சிரித்துக்கொண்டே எடுத்தார்.

சிவப்பு.

ஏகாம்பரம் அண்ணன் கைதட்டினார். உத்தரவை மீறி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நோட்டில் இருப்பதும் பொய்யில்லை... பாய் முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றேன்.

"அண்ணே, வாங்கச் சொல்லிட்டாரு. எத்தினின்னு சொல்லலியே?"

"நாப்பதுதானேம்மா பேச்சு!"

"அது நமக்குள்ள பேச்சு. முருகங்கிட்ட கேட்டது வாங்கலாமா வாணாமான்னுதான். கையில ஆர்டரு அஞ்சு. அஞ்சு வாங்குவோம்."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சி, உங்க சாமிக்கு நீங்கதான் வக்கீலு!"

ஐந்துதான் வாங்கினோம்.

இரண்டு மாதத்தில் புது மாடல் வந்தது. பழையதன் விலை விழுந்த வேகத்தில், அந்தச் சென்னை வியாபாரியே போன் போட்டு, பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். ஏகாம்பரம் அண்ணன் ஒரு மூட்டை மல்லாட்டையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார், அவ்வளவுதான். பாய் விமானம் ஏறவில்லை.

ஒரு சிப்பைச் சுற்றி நாலு தலை குனிந்திருந்த காலம் அது...

இப்போது விழுப்புரத்தில் என் மருமகள், அடுப்பில் பால் பொங்குவதற்குள் நாலு போனின் ப்ராசசரை ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றுக்கு ஆர்டரும் போட்டுவிடுகிறாள். சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. வசதிதான், நான் குறை சொல்லவில்லை.

கடையை இன்றும் பாய்தான் பார்த்துக்கொள்கிறார். மெமரி சிப் விலை இப்போது ஏறிக்கொண்டே போகிறதாம். கொஞ்சம் வாங்கி வைப்பதா, இறங்கும்வரை பொறுப்பதா என்று நேற்றுக் கேட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சென்னைக்குக் கிளம்புகிறார். இந்த வியாபாரம் தெரிந்தவர்கள் வியாழக்கிழமைக்குள் ஒரு வரி பதில் போடுங்கள்.